கான்சுவை எட்டாத பயணம்
வில்லியம் போர்டன் (1887–1913)

1904-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்திலிருந்து ஜப்பானை நோக்கிப் புறப்பட்ட நீராவிக் கப்பலில் பதினாறு வயது நிரம்பிய மாணவர் ஒருவர் ஏறினார். பள்ளிப் படிப்பை அவ்வாண்டுதான் முடித்திருந்தார். மகன் நன்றாகத் தேறியதைக் கண்டு மகிழ்ந்த பெற்றோர், கல்லூரியில் சேருமுன் உலகைச் சுற்றிப் பார்த்துவரும்படி அவரை அனுப்பினர். துணைக்கு வால்ட்டர் எர்ட்மன் என்ற இளம் இறையியல் பட்டதாரி உடன் சென்றார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் இப்படிப் பயணம் போவது அக்காலத்தில் வியப்புக்குரியதன்று. போய்வந்த பின் தந்தையின் தொழிலைக் கவனிப்பார்கள். நல்ல இடத்தில் மணம் முடிப்பார்கள். வில்லியம் போர்டனைக் குறித்தும் சிகாகோ நகரம் அதையே எதிர்பார்த்தது.

அவருடைய தந்தை கொலராடோ மாநிலத்தின் லெட்வில் வெள்ளிச் சுரங்கங்களில் பெரும்பொருள் ஈட்டியவர். சிகாகோ நகரில் நிலங்களும் கட்டடங்களும் உடையவர். போர்டன் என்ற பெயரைக் கண்டு இவரைப் புகழ்பெற்ற பால்பொருள் நிறுவனத்தின் வாரிசு என எழுதுவோர் உண்டு. அது தவறு. அந்தக் குடும்பம் வேறு, இந்தக் குடும்பம் வேறு. மிச்சிகன் ஏரிக்கரையில் மாளிகை போன்ற வீடு, பணியாட்கள், பாய்மரப் படகு என எதற்கும் குறைவில்லாத வாழ்க்கை. ஆனால் வில்லியமுக்கு ஏறத்தாழ ஏழு வயதானபோது தாய் மேரி போர்டனின் வாழ்வில் ஒரு மாற்றம் நேர்ந்தது. அவர் ஆண்டவரைத் தனிப்பட்ட முறையில் அறிந்துகொண்டு, டி. எல். மூடி நிறுவிய திருச்சபையில் சேர்ந்தார். அன்று முதல் பிள்ளைகளையும் அங்கே அழைத்துச் சென்றார். ஆர். ஏ. டோரி அச்சபையின் போதகராக இருந்தார். மகன் ஜெபிக்கக் கற்றதும் வேதாகமத்தை நேசிக்கத் தொடங்கியதும் இந்தத் தாயின் அருகில்தான். பின்னாளில் அந்த ஜெபங்களுக்கான விலையை அதிகமாகக் கொடுத்தவரும் அவரே.

கப்பலில் மிஷனெரிகள் சிலரும் பயணம் செய்தனர். விடுமுறை முடித்துத் திரும்பியோரும், முதன்முறையாகச் செல்வோரும் அவர்களில் இருந்தனர். வில்லியம் அவர்களோடு பழகினார், கேள்விகள் கேட்டார். ஜப்பானும் ரஷ்யாவும் போரிட்டுக் கொண்டிருந்த காலம் அது. ஜப்பானையும் பின்பு சீனாவையும் பார்த்தார். அங்கிருந்து இந்தியாவுக்கும் எகிப்துக்கும் பரிசுத்த பூமிக்கும் பயணம் தொடர்ந்தது. பார்க்கச் சொன்ன கோயில்களையும் கோட்டைகளையும் அவர் பார்க்காமல் விடவில்லை. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள மிஷன் பள்ளியையும் மருத்துவமனையையும் தேடிச் செல்வது வழக்கமாயிற்று. ஒரு மாகாணத்துக்கு ஒருவர், இலட்சக்கணக்கான மக்களுக்கு ஒரு மருத்துவர் என்ற நிலையை அவர் புள்ளிவிவரமாகப் படிக்கவில்லை, கண்ணால் கண்டார். தாய்க்கு எழுதிய கடிதங்களின் தொனி மெல்ல மாறியது. தம் வாழ்வை மிஷனெரி ஊழியத்துக்குக் கொடுக்கும் எண்ணம் உருவாவதை அவற்றில் தெரிவித்தார்.

பதினேழு வயதில் எழும் உணர்ச்சியை அழைப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா? நண்பர்கள் சிலர் அதை நம்பவில்லை. இத்தனை வசதியும் அறிவும் உள்ள ஒருவர் மிஷனெரியாகப் போவது வீண் என்று கருதினர். அவர்களுடைய ஐயத்தில் ஓரளவு நியாயம் இருந்தது. கடற்பயணத்தில் பிறக்கும் தீர்மானங்களில் பல வீட்டு வாசலை மிதித்ததும் கரைந்துவிடும். வில்லியமின் தீர்மானம் அவ்வாறு கரையாமைக்கு ஒரு காரணம், அவசரப்படாமை. 1905-ஆம் ஆண்டு பயணத்தின் இறுதியில் அவர் இலண்டன் வந்தபோது, சிறுவயது முதல் அறிந்த டோரி அங்கே பெருங்கூட்டங்களை நடத்திக்கொண்டிருந்தார். வில்லியம் அவற்றில் கலந்துகொண்டார். இரட்சிப்பின் நிச்சயத்தைக் குறித்தும், தம்மை முழுமையாக ஒப்புக்கொடுப்பதைக் குறித்தும் தெளிவு பெற்றார். ஆயினும் உடனே எந்த மிஷன் சங்கத்தின் கதவையும் தட்டவில்லை. ஊர் திரும்பி யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே முதலாண்டு முடிவதற்குள் 1906-இல் தந்தை காலமானார். இளைஞர் கூட்டங்களில் இன்றும் சொல்லப்படும் ஒரு கதை இங்கே திருத்தப்பட வேண்டும். வில்லியம் மிஷனெரியாகப் போக முடிவு செய்ததால் தந்தை சினந்து, தம் நிறுவனத்தில் இனி இடமில்லை என்று விலக்கிவிட்டதாகக் கதை கூறும். பட்டம் பெற்ற காலத்தில் நடந்ததாக அது சொல்லப்படுகிறது. ஆனால் வில்லியம் பட்டம் பெற்றது 1909-இல். தந்தை இறந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின். உண்மையில் நடந்தது விலக்கப்படுதலுக்கு நேர்மாறானது. பதினெட்டு வயதில் அவர் பெருஞ்செல்வத்தின் உரிமையாளர் ஆனார். துரத்தப்பட்டவன் துறந்து போவது ஒன்று. கதவு திறந்திருக்க, கணக்குப் புத்தகம் கையில் இருக்க, ஒவ்வொரு நாளும் மீண்டும் தீர்மானிக்க வேண்டியிருப்பது மற்றொன்று. வில்லியமுக்கு நேர்ந்தது இரண்டாவது, அதுவே கடினமானதும்கூட.

யேலில் அவர் செய்த ஊழியத்தின் தொடக்கம் மிகச் சிறியது. காலை உணவுக்கு முன் நண்பர் ஒருவரோடு முழங்காற்படியிட்டார். பிறகு மூன்றாமவர் வந்தார், நான்காமவர் வந்தார். அறை நிறைந்ததும் குழு இரண்டாயிற்று. அவர் வகுப்பிலிருந்து அடுத்தடுத்த வகுப்புகளுக்கும் அந்தப் பழக்கம் பரவியது. வேதபாடக் குழுக்களை அமைத்தபோது அவர்கள் கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. வகுப்புப் பெயர்ப்பட்டியலை எடுத்து, யார் யாரைச் சந்திப்பது என்று ஒவ்வொரு பெயராகப் பங்கிட்டுக் கொள்வார்கள். முரடர், ஏளனம் செய்பவர், ஒருபோதும் வரமாட்டார் என்று எல்லோரும் கைவிட்டவர் ஆகியோரின் பெயர் வரும்போது அறையில் அமைதி நிலவும். அத்தகைய பெயர்களை வில்லியம் தம் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்வார். கடினமானதைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைக் கவனித்தால், பின்னர் அவர் கான்சுவைத் தெரிந்துகொண்டது புதிராகத் தோன்றாது.

கான்சுவின் பெயர் அவர் உள்ளத்தில் பதிந்ததும் அந்த முதலாண்டில்தான். 1906-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நாஷ்வில் நகரில் மாணவர் தன்னார்வ இயக்கத்தின் பெரிய மாநாடு நடைபெற்றது. யேல் மாணவர் பிரதிநிதிகளில் ஒருவராக வில்லியம் சென்றார். அரேபியாவில் ஊழியம் செய்த சாமுவேல் சுவெமர் அங்கே உரையாற்றினார். இஸ்லாமிய உலகில் சுவிசேஷப் பணியாளர் எவரும் எட்டாத பகுதிகளை அவர் எடுத்துக்காட்டினார். சீனாவில் இஸ்லாமியர் இலட்சக்கணக்கில் வாழ்கின்றனர் என்பதும், வடமேற்கிலுள்ள கான்சு மாகாணத்தில் அவர்கள் திரளாக இருக்கின்றனர் என்பதும், அவர்களுக்கென்று பிரித்தெடுக்கப்பட்ட ஊழியர் இல்லை என்பதும் வில்லியமைத் தைத்தன. அதுவரை அழைப்பு பொதுவானதாக இருந்தது. இப்போது அதற்கு ஓர் இடமும் ஒரு மக்களும் கிடைத்தனர். ஹட்சன் டெய்லர் நிறுவிய சீன உள்நாட்டு மிஷன் கான்சுவில் பணி செய்துவந்ததால், அவர் பார்வை அந்தச் சங்கத்தின் பக்கம் திரும்பியது.

கான்சு வெகு தொலைவு. ஆனால் நியூ ஹேவன் நகரின் தெருக்கள் பல்கலைக்கழக வாசலிலேயே இருந்தன. குடிக்கு அடிமைப்பட்டோர், வேலையின்றித் திரிவோர், இரவில் தங்க இடமில்லாதோர் அங்கே ஏராளம். 1907-இல் வில்லியமும் நண்பர்களும் அவர்களுக்கென்று யேல் நம்பிக்கை மிஷன் என்ற நிலையத்தைத் தொடங்கினர். பணத்தின் பெரும்பகுதி வில்லியமுடையது. பணம் கொடுத்துவிட்டு விலகி நிற்கவில்லை என்பதே முக்கியம். இரவு நேரங்களில் அவரே அங்கே இருப்பார். குடிபோதையில் தள்ளாடி வருபவருக்கு உணவும் படுக்கையும் ஏற்பாடு செய்வார். தோளில் கைபோட்டு அமர்ந்து பேசுவார். அருகில் முழங்காற்படியிட்டு ஜெபிப்பார். அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த வெளிநாட்டவர் ஒருவரிடம், அந்நாட்டில் தம்மை அதிகம் கவர்ந்தது எது என்று கேட்கப்பட்டபோது, அவர் வானளாவிய கட்டடங்களைக் குறிப்பிடவில்லை. கோடீசுவர இளைஞர் ஒருவர் நாடோடி ஒருவரை அணைத்தவாறு முழங்காலில் நின்ற காட்சியைக் குறிப்பிட்டார்.

அவரைத் துறவி என்று எண்ணிவிடக் கூடாது. மல்யுத்தத்திலும் படகோட்டுதலிலும் கால்பந்திலும் ஆர்வமுள்ள, உடல் வலிமை மிக்க இளைஞர். சிரிக்கவும் விளையாடவும் தெரிந்தவர். படிப்பில் முன்னணியில் நின்று, சிறந்த மாணவர்களுக்குரிய ஃபை பீட்டா காப்பா சங்கத்தின் தலைவராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆனால் யேலில் மிகுந்த பெருமைக்குரியனவாகக் கருதப்பட்ட இரகசியச் சங்கங்களில் சேர மறுத்துவிட்டார். அவை தம்மை மற்ற மாணவரிடமிருந்து பிரித்துவிடும் என்று அஞ்சினார். செல்வர் வீட்டு இளைஞர் பலர் மோட்டார் வண்டி வாங்கிய அந்நாளில், அவர் ஏன் வாங்கவில்லை என்று கேட்டோருக்கு, அந்த ஆடம்பரம் தமக்குக் கட்டுப்படியாகாது என்று பதில் அளித்தார். அதே ஆண்டுகளில் பல்லாயிரம் டாலர்களை மிஷன் பணிகளுக்குக் கொடுத்துவந்தார். பெரும்பாலும் பெயர் வெளிவராதபடியே கொடுத்தார்.

1909-இல் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் சேர்ந்து மூன்றாண்டுகள் பயின்றார். விதவையான தாயும் தங்கை ஜாய்சும் அங்கேயே வந்து அவரோடு தங்கினர். அக்காள் மேரி, இந்தியாவில் கிறிஸ்தவப் பணியாற்றிய ஒருவரை மணந்து லாகூரில் குடியேறியிருந்தார். (பிற்காலத்தில் முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனை நடத்தி, எழுத்தாளராகப் பெயர் பெற்ற மேரி போர்டன் இவரே.) பிரின்ஸ்டனில் வில்லியம் ஞாயிறுதோறும் ஆப்பிரிக்க அமெரிக்கர் சபையொன்றின் ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்தார். நிறவேற்றுமை வேரூன்றியிருந்த அவ்வூரில் இது எல்லோரும் செய்யும் காரியமன்று. இதற்கிடையே மூடி வேதாகமப் பயிற்சி நிலையத்தின் அறங்காவலர், சீன உள்நாட்டு மிஷனின் வட அமெரிக்க ஆலோசனைக் குழு உறுப்பினர் எனப் பொறுப்புகள் தேடி வந்தன. 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டுக்கும் சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. தாய்நாட்டிலேயே இருந்து நிர்வாகம் செய்தால் இன்னும் அதிகம் சாதிக்கலாமே என்று நல்லெண்ணத்தோடு சொன்னோரும் இருந்தனர். மிஷன் சங்கங்களுக்கு அறிவுரை கூறவும் பணம் கொடுக்கவும் கூடிய ஒருவர், தொலைதூர மாகாணத்தில் மொழி கற்றுக்கொண்டு ஏன் காலத்தைச் செலவிட வேண்டும்? இந்தச் சோதனை மாளிகை வாழ்வைவிடக் கூர்மையானது. ஏனெனில் இது ஊழியத்தின் உருவிலேயே வந்தது.

1912-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், தாம் வளர்ந்த மூடி திருச்சபையில் அவர் குருவாக அபிஷேகம் செய்யப்பட்டார். செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக எழுதின. கோடீசுவரர் ஒருவர் சீனாவின் மூலைக்குப் போகிறார் என்பதே அவர்களுக்குச் செய்தி. வில்லியமுக்கு அது பெருஞ்சங்கடமாயிற்று. அடுத்த மூன்று மாதங்கள் கல்லூரி கல்லூரியாகச் சென்று மாணவரிடையே மிஷனெரிப் பணியைக் குறித்துப் பேசினார். டிசம்பர் மாதம் நியூயார்க்கிலிருந்து புறப்பட நாள் குறிக்கப்பட்டது.

பிரிவின் இரவில் தாய் மேரி போர்டன் தம் அறையில் தனித்திருந்தார். கணவரை இழந்தவர், இப்போது மகனையும் கடல்கடந்து அனுப்புகிறார். இதெல்லாம் தகுமா, இத்தனை விலை கொடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி அந்த இரவு முழுவதும் திரும்பத் திரும்ப அவரிடம் எழுந்தது. மகனைச் சிறுவயதில் ஆண்டவருக்கென்று ஜெபித்து ஒப்புக்கொடுத்தவரே அந்தக் கேள்வியைக் கேட்டார். அதை அவர் மறைக்கவுமில்லை. விடியற்காலையில் கண்விழித்தபோது யோவான் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனம் உள்ளத்தில் ஒலித்ததாகப் பின்னர் தெரிவித்தார். பிதாவானவரும் குமாரனைக் கொடுத்தவரே என்ற எண்ணத்தோடு அவர் எழுந்து மகனை வழியனுப்பினார். அதுவே அவர்கள் ஒருவரையொருவர் கடைசியாகப் பார்த்தது.

சீனாவுக்குச் செல்ல வேண்டியவர் எகிப்துக்குச் சென்றதன் காரணம் எளியது. சீன இஸ்லாமியர் அரபு மொழியைப் புனிதமாகப் போற்றினர். அவர்களோடு மதிப்போடு பேச விரும்புபவர் அரபு மொழியையும் இஸ்லாமியச் சிந்தனையையும் அறிந்திருக்க வேண்டும். அதற்குக் கெய்ரோவைவிடச் சிறந்த இடமில்லை. சுவெமரும் 1912-இல் அங்கே வந்து சேர்ந்திருந்தார். சர்ச் மிஷனெரி சங்கத்தின் டெம்பிள் கெர்ட்னர் அரபு மொழி கற்பிப்பதில் வல்லவர். 1913 ஜனவரியில் கெய்ரோவை அடைந்த வில்லியம், சில வாரங்களில் சிரியக் குடும்பம் ஒன்றின் வீட்டில் குடியேறினார். காலை முதல் இரவு வரை காதில் அரபு மொழியே விழ வேண்டும் என்பது அவர் நோக்கம். மொழியைக் கற்றுக்கொண்டே, கெய்ரோவின் இறையியல் மாணவரோடு சேர்ந்து நகரின் வீதிகளில் வீடு வீடாகக் கிறிஸ்தவப் பிரசுரங்களை வழங்கும் பணியையும் தொடங்கினார். பிழையோடு பேசினார், சிரித்தவர்களோடு தாமும் சிரித்தார்.

மார்ச் மாதத்தில், உயிர்த்தெழுந்த திருநாள் காலத்தில், நோயுற்றார். தலைவலியும் காய்ச்சலும் என்று தொடங்கியது மூளைத்தண்டுவடச் சவ்வு அழற்சி என்று தெரியவந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கண்டுபிடிக்கப்படாத காலம். நல்ல மருத்துவமனை, தேர்ந்த மருத்துவர்கள், ஏற்கெனவே வலிமையான உடல் எல்லாம் இருந்தும் நோய் தணியவில்லை. கோடைகாலத்தை மகனோடு கழிக்கும் நோக்கத்தில் தாயும் தங்கையும் முன்னரே எகிப்தை நோக்கிப் பயணப்பட்டிருந்தனர். நோய்ச் செய்தி அவர்களுக்கு வழியில் கிடைத்தது. கப்பலின் வேகத்தை எவராலும் கூட்ட இயலாது. 1913 ஏப்ரல் 9-ஆம் நாள் வில்லியம் போர்டன் மரித்தார். வயது இருபத்தைந்து. தாய் கெய்ரோவை அடைந்தபோது மகன் உயிரோடு இல்லை. நகரின் அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர்.

அமெரிக்காவிலும் வெளிநாடுகளிலும் இச்செய்தி பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. பள்ளி முடித்த பின் எழுந்த ஓர் அழைப்பு; அதற்காக எட்டாண்டு ஆயத்தம்; களத்தின் வாசற்படியில் ஏறத்தாழ மூன்று மாதங்கள்; அவ்வளவே. வீண் என்று முன்பு சொன்னவர்களுக்கு இப்போது சான்று கிடைத்தது போலிருந்தது. அவருடைய வேதாகமத்தில் மூன்று சிறு வாக்கியங்கள் எழுதப்பட்டிருந்ததாகவும், கடைசி வாக்கியம் மரணப்படுக்கையில் எழுதப்பட்டதாகவும் ஒரு கதை பின்னர் பரவியது. பிரசங்கங்களில் அடிக்கடி இடம்பெறும் அந்த வேதாகமத்தை எவரும் எடுத்துக்காட்டியதில்லை. மூன்று வாரம் அந்நோயால் வாடிய ஒருவரிடமிருந்து அழகான வாக்கியத்தை எதிர்பார்ப்பதும் பொருத்தமன்று. வில்லியமின் கையெழுத்து ஐயத்துக்கு இடமின்றிக் காணப்படும் ஓர் ஆவணம் உண்டு; அது அவருடைய உயில். ஏறத்தாழ பத்து இலட்சம் டாலர் பெறுமான தம் சொத்தை அதில் அவர் கிறிஸ்தவப் பணிகளுக்குப் பிரித்து எழுதியிருந்தார். சீன உள்நாட்டு மிஷனுக்கு மட்டும் இரண்டரை இலட்சம் டாலர்.

ஹட்சன் டெய்லரின் மருமகளான திருமதி ஹோவர்ட் டெய்லர் 1926-இல் வில்லியமின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அதற்கு முன்பே கான்சுவின் தலைநகரான லான்சோவில், மஞ்சள் ஆற்றின் வடகரையில், போர்டன் நினைவு மருத்துவமனை எழுந்திருந்தது. சீனரும் திபெத்தியரும் இஸ்லாமியரும் அங்கே சிகிச்சைக்கு வந்தனர். தொழுநோயாளிகளுக்கும் இடம் அளிக்கப்பட்டது. அங்கே மருத்துவராகப் பணியாற்றிய ஜார்ஜ் கிங், 1927-இல் கலவரச் சூழலில் மிஷனெரிக் குடும்பங்களைத் தெப்பங்களில் ஆற்றுவழியே அழைத்துச் சென்றபோது, மணல்திட்டில் சிக்கிய தெப்பத்தை விடுவிக்க நீரில் இறங்கி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். பின்வந்தோர் பணியைத் தொடர்ந்தனர். 1950-களின் தொடக்கத்தில் வெளிநாட்டு மிஷனெரிகள் அனைவரும் சீனாவை விட்டு வெளியேற நேர்ந்தபோது மருத்துவமனை அரசின் கைக்குச் சென்றது. லான்சோ நகரின் இரண்டாம் மக்கள் மருத்துவமனை அதன் தொடர்ச்சியாக அதே வடகரையில் நோயாளிகளை ஏற்று வருகிறது. அந்த நகரத்தை வில்லியம் போர்டன் ஒருமுறையும் கண்டதில்லை.